பௌத்தமும் பெளத்தமும்: வரலாற்று நூல் சேர்ப்பவர்களுக்கு லைப்ரரிதிங் எந்த அளவுக்கு உதவும்?

வரலாற்று நூல்கள் வீட்டில் ஐந்நூறைத் தாண்டினால் இரண்டு தொல்லைகள் தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் நூலையே புத்தகக் காட்சியில் மறுபடியும் வாங்கி வருவது ஒன்று. அதே நூல்களை வேறோர் ஊரில் யாரோ அடுக்கி வைத்திருப்பார். அவர் யார் என்பது கடைசிவரை தெரியாமலே போவது மற்றொன்று. முதல் தொல்லைக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். இரண்டாவதற்குத்தான், அவரவர் நூல்களை இணையத்தில் பட்டியலிட உதவும் லைப்ரரிதிங் போன்ற சேவை தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்டில் டிம் ஸ்பால்டிங் 2005 ஆகஸ்டில் தொடங்கிய தளம் இது. முதலில் 200 நூல்கள் வரைதான் இலவசம், அதற்கு மேல் போனால் கட்டணம் என்று இருந்தது. 2020இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது பத்தாயிரம் நூல் ஏற்றினாலும் காசு இல்லை. தோற்றம் பழைய காலத்து இணையதளம் போலத்தான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நூலைப் பற்றி எதையெல்லாம் குறித்து வைக்கலாம் என்று பார்த்தால் பொதுவாசகருக்கான தளங்களில் இதற்கு இணை குறைவு. எப்போது வாங்கியது, எங்கே வாங்கியது, உயரம் எத்தனை, மொழிபெயர்த்தவர் யார், மூலமொழி எது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

ஆங்கில வரலாற்று நூல்கள் மட்டும் வைத்திருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். தமிழ் நூல்களுக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண்தான் தர முடியும். மிச்சம் அறுபதும் நம் கைவேலையைப் பொறுத்தது. அது எங்கே போகிறது என்று தெரியாமல் ஏற்றத் தொடங்குபவர்கள் ஆயிரம் நூல் ஏற்றிய பிறகும், ‘நம் நூல்கள் வேறு யாரிடமும் இல்லை போலிருக்கிறதே’ என்று உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் தளத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. நீங்கள் ஏற்றுவது ஒரு பதிப்பை. தளம் அதை ‘படைப்பு’ என்ற பெரிய உறைக்குள் போடுகிறது. ஒரே நூலின் எல்லாப் பதிப்புகளும், மொழிபெயர்ப்புகளும்கூட, அந்த ஒரே உறைக்குள் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வாசகர்களை இது ஒன்று சேர்ப்பது அந்த உறையை வைத்துத்தான். உங்கள் படியும் என் படியும் வெவ்வேறு உறைகளில் கிடந்தால், அடுத்தடுத்த தெருவில் இருந்தாலும் நாம் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ நல்ல உதாரணம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்து என்பதால் பல பதிப்பகங்கள் அச்சிட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஐ.எஸ்.பி.என். (நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்), சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஆசிரியர் பெயர் ஓர் அட்டையில் இராசமாணிக்கனார், இன்னொன்றில் இராசமாணிக்கம், வேறொன்றில் ராஜமாணிக்கனார். இதையே ஆங்கில எழுத்தில் பதிந்தவர்களும் இருப்பார்கள். ஒரே நூல், ஐந்தாறு உறைகள்.

இனி ஏற்றும் வேலை. ‘ஆட் புக்ஸ்’ பக்கத்தில் எந்தப் பட்டியலில் தேட வேண்டும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். அமேசான், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், உலகெங்கும் உள்ள பல நூலகங்கள், அவற்றின் பதிவுகளைத் திரட்டி வைத்த ‘ஓவர்கேட்’ எல்லாம் உண்டு. அண்மைக்கால நூல்களுக்குக் கைபேசிச் செயலியில் பட்டைக்குறியைக் காட்டினால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டின் பட்டை வேறு, ஐ.எஸ்.பி.என். பட்டை வேறு. 978 என்று தொடங்குவதைத்தான் காட்ட வேண்டும். இந்திய நூல் என்றால் அதையடுத்து 81 அல்லது 93 வரும். இலங்கை நூலுக்கு 955 அல்லது 624.

2007க்கு முந்தைய நூல்களில் பத்து இலக்க எண்தான் இருக்கும். அதை அப்படியே அடியுங்கள். முன்னால் 978 சேர்த்துப் பதின்மூன்றாக்கிவிடலாம் என்று நினைத்தால் எண் தவறாகிவிடும், ஏனென்றால் கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் இரண்டு முறையிலும் வெவ்வேறு கணக்கில் வருவது. 812345678 என்று ஒன்பது இலக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து இலக்க முறையில் கடைசி எண் 6, பதின்மூன்று இலக்க முறையில் 2. நம்மூர்ப் பதிப்பகங்கள் சில, பழைய எண்ணையே வேறு நூலுக்கும் போட்டுவிடுவதும் உண்டு. எண்ணை அடித்ததும் தலைப்பைப் பார்க்காமல் ‘சேர்’ என்று அமுக்கினால் கல்வெட்டியல் நூலுக்குப் பதில் சமையல் புத்தகம் ஏறியிருக்கலாம்.

அமேசானிலிருந்து தமிழ் நூல் விவரம் எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். விற்பனைக்காக எழுதிய தலைப்புகள் அவை. நூற்பெயரோடு ‘தமிழ்’, ‘பேப்பர்பேக்’ எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று இருந்தாலும் வியப்பில்லை.

இதைவிடக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியல் பல மடங்கு மேல். அந்த நூலகம் 1962இலேயே புதுதில்லியில் அலுவலகம் திறந்து இந்திய மொழி நூல்களை வாங்கத் தொடங்கியது. அதனால், நம் மாவட்ட நூலகத்தில்கூடக் காணாத தமிழ் நூலுக்கு அங்கே ஒழுங்கான பதிவு இருக்கும். தேடுவதில்தான் சூட்சுமம். நூற்பெயரை ஆங்கில எழுத்தில் பதிவதற்கு அவர்களிடம் ஒரு விதி உண்டு. நாம் வாட்ஸ்ஆப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறை அங்கே உதவாது. ‘ச’ எங்கே வந்தாலும் ஆங்கில ‘சி’ மட்டும், கூட ‘எச்’ போடக் கூடாது. ‘க’ எப்படி ஒலித்தாலும் ‘கே’தான், ‘ஜி’ கிடையாது. ‘ழ’வுக்கு ‘இசட்-எச்’ இல்லை, ‘எல்’ எழுத்தின் கீழே ஒரு கோடு. ‘ள’வுக்கு அதே ‘எல்’ கீழே புள்ளி. ஆகவே சோழர் என்று தேட வேண்டுமானால் சி, ஓ, எல், ஏ, ஆர். கங்கைக்கு கே, ஏ, என், கே, ஏ, ஐ. மேலே கோடு, கீழே புள்ளி எதுவும் போடாமல் வெறும் எழுத்தை அடித்தால் போதும். முழுத் தலைப்பையும் அடிக்காமல் ஆசிரியர் பெயரில் ஒரு சொல், தலைப்பில் ஒரு சொல் என்று தேடுவது நல்லது. தமிழில் எங்கே சொல்லைப் பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பது பதிவாளருக்குப் பதிவாளர் மாறும்.

அப்படிக் கிடைத்த பதிவை எடுத்ததும் தலைப்பைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆங்கில எழுத்து வடிவத்தையும் தூக்கி எறிய வேண்டாம். படைப்புப் பக்கத்தில் எல்லோரும் திருத்தக்கூடிய பொதுத் தகவல் பகுதி ஒன்று உண்டு. அதில் ‘மாற்றுத் தலைப்புகள்’ என்ற கட்டத்தில் அதைப் போட்டு வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும்.

எங்குமே கிடைக்காத நூல்களைக் கையால்தான் அடிக்க வேண்டும். கழக வெளியீடுகள், ஆதீன வெளியீடுகள், தலபுராண உரைகள், ஊர் வரலாற்றுச் சிறு நூல்கள் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேரும். தட்டச்சு பழகிய கைக்கு ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் முந்நூறு நூலுக்கு 25 மணி நேரம். நூலைத் தூக்கிக்கொண்டு கணினி முன் உட்காராதீர்கள். அலமாரி பக்கத்திலேயே நின்று தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், பின்னட்டை என்று மூன்று படம் எடுத்துக்கொண்டு பிறகு அதைப் பார்த்து அடித்தால் பழைய தாள் உடையாது.

இங்கேதான் தலைப்பில் சொன்ன சங்கதி. பௌத்தம், பெளத்தம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ என்ற முழு எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ நூலை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மறுவிதமாகவும் அடித்தால், தேடலில் ஒருவருடையது மற்றவருக்கு வராது. உறையும் தனித்தனியாகத்தான் கிடக்கும். கௌதமன், மௌரியர், சௌராஷ்டிரர் எல்லாவற்றிலும் இதே வில்லங்கம். சோதிக்க எளிய வழி: அந்தச் சொல்லின் முடிவில் சுட்டியை வைத்து ஒவ்வோர் எழுத்தாக அழித்து வாருங்கள். ‘ள’ மட்டும் தனியே உதிர்ந்து ‘பெ’ மிஞ்சினால் தவறாக அடித்திருக்கிறீர்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. ஸ்ரீரங்கம், ஸ்ரீவிஜயம் பற்றிய நூல்கள் இருந்தால் இரண்டாலும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் பெயர்க் கட்டம் குடும்பப் பெயர், காற்புள்ளி, முதற்பெயர் என்ற மேலை வழக்கத்துக்காகச் செய்தது. நமக்கு முதலெழுத்து முன்னால், இயற்பெயர் பின்னால். ஆகவே ‘இராசமாணிக்கனார், மா.’ என்று திருப்பிப் போட்டால் சரியாக அமரும். ‘பிள்ளை’, ‘சாஸ்திரி’ போன்றவை வரும்போதுதான் குழப்பம். ‘சாஸ்திரி, கே.ஏ. நீலகண்ட’ என்றும் ‘நீலகண்ட சாஸ்திரி, கே.ஏ.’ என்றும் இரண்டு வழக்கும் நூற்பட்டியல்களில் நெடுங்காலமாக இருக்கின்றன. இரண்டாவதைப் பின்பற்றுங்கள். ‘சாஸ்திரி’ என்பதன் கீழ் தேடினால் சம்பந்தமில்லாத எத்தனையோ பேர் வருவார்கள்.

ஆண்டு போடும்போது கவனம். தி.பி. என்றோ திருவள்ளுவர் ஆண்டு என்றோ இருந்தால் 31ஐக் கழியுங்கள். 2005 என்றால் 1974. விளம்பி, பிரபவ என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் விலையைப் பாருங்கள். விளம்பி என்பது 1898-99, 1958-59, 2018-19. விலையில் ‘ந.பை.’ (நயா பைசா) இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஆக 1958-59. ரூபாய், அணா, பை என்று கோடு போட்டுப் பிரித்திருந்தால் 1957க்கு முந்தைய கணக்கு. தையிலிருந்து பங்குனிக்குள் அச்சாகியிருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும். அப்புறம், நம் பதிப்பகங்கள் எழுத்து மாறாத மறு அச்சையும் ‘ஐந்தாம் பதிப்பு’ என்றுதான் போடும். அதை அப்படியே நம்ப வேண்டாம். முன்னுரைகளின் தேதிகளைப் பார்த்தால் உண்மையில் எப்போது திருத்தினார்கள் என்று தெரிந்துவிடும்.

ஏற்றியபின் படைப்புப் பக்கத்தைத் திறந்து ‘எத்தனை உறுப்பினர்களிடம் உள்ளது’ என்ற எண்ணைப் பாருங்கள். ஊரறிந்த நூலுக்கு 1 என்று காட்டினால் உறை பிரிந்து கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் பக்கத்துக்குப் போய்ப் பெயரின் வேறு வடிவங்களை இணைக்க வேண்டும். அதன்பின் அவர் பெயரின் கீழ் எல்லாப் படைப்புகளும் ஒரே பட்டியலாக வரும். ஒன்றாக உள்ளவற்றைத் தேர்ந்து சேர்த்துவிடலாம். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலை. இணைப்பதற்குத் தனி அதிகாரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, எந்த உறுப்பினரும் செய்யலாம், தவறினால் பிரிக்கவும் முடியும். இந்தச் சேவையின் ஆகச் சிறந்த அம்சம் என்று இதைச் சொல்லலாம். இதே உரிமையை குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தில் பெற நூலகர் தகுதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

எதையெல்லாம் இணைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் 1935இலும் 1937இலும் இரண்டு பகுதியாக வந்து, திருத்திய பதிப்பு 1955இல் வந்தது. முழு நூலும் அதன் முழுத் தமிழாக்கமும் ஒரே உறைக்குள் போகலாம். ஆனால் தனியாக முதல் பகுதியை மட்டும் வைத்திருப்பவரை முழு நூலோடு சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். அதற்கு ‘அடங்கியது’, ‘உள்ளடக்கியது’ என்று உறவு காட்டும் வசதி இருக்கிறது. தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ மூன்று பகுதிகளாகவும் கிடைக்கும், ஒரே கட்டாகவும் கிடைக்கும். அதற்கும் இதே முறைதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசை போன்றவற்றில் ஒரு தொகுதிக்கு ஒரு பதிவு, தலைப்பிலேயே தொகுதி எண். ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று ஒரே பதிவாகப் போட்டால் எந்தத் தொகுதி இல்லை என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

குறிச்சொற்கள் சற்று யோசித்துப் போட வேண்டியவை. ‘வரலாறு’ என்று வரலாற்று நூல் சேர்ப்பவர் போடுவதில் என்ன பயன்? எல்லாமே வரலாறுதான். அரச மரபு, வட்டாரம், சான்றின் வகை என்று மூன்று கோணத்தில் போடுங்கள்: ‘பல்லவர்’, ‘தொண்டை மண்டலம்’, ‘செப்பேடு’. காற்புள்ளிதான் குறிச்சொற்களைப் பிரிக்கும் என்பதால் ஒரு குறிச்சொல்லுக்குள் அது வரக் கூடாது. நூல் இருக்குமிடத்தையும் குறிச்சொல்லாக்கிவிட்டால் நல்லது: ‘இரும்பு பீரோ 2’, ‘பரண்’. பரணில் இருப்பதை எப்படியும் தேட மாட்டோம், அது வேறு விஷயம்.

ஏற்கெனவே எக்செல்லில் பட்டியல் வைத்திருப்பவர்கள் மொத்தமாக இறக்கலாம். மூன்று இடத்தில் இடறும். பதின்மூன்று இலக்க எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போய்விடும். சுழியில் தொடங்கும் பத்து இலக்க எண்ணில் அந்தச் சுழியைத் தின்றுவிடும். ஆக்ஸ்போர்டு நூல்கள் எல்லாம் 0-19 என்று தொடங்குபவை, எல்லாமே ஒன்பது இலக்கமாகிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே ‘எழுத்து’ வகையாக மாற்றி வையுங்கள். தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாக மாறாமல் இருக்க யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் என்றால் முதலில் யுனிகோடுக்கு மாற்றினால்தான் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகுதான் ‘உங்கள் நூல்களை வைத்திருக்கும் உறுப்பினர்கள்’ என்ற பட்டியலுக்கு அர்த்தம் வரும். அதில் வெறும் எண்ணிக்கைப்படி பார்ப்பது ஒருவகை, அரிய நூலுக்கு அதிக மதிப்புத் தந்து வரிசைப்படுத்துவது இன்னொருவகை. இரண்டாவதையே பாருங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பத்து நூல்கள் ஒத்துப்போவதைவிட, கோயில் கல்வெட்டுத் தொகுதி ஒன்று ஒத்துப்போவது பெரிய சேதி. அப்படிப்பட்டவரின் நூலகத்தை ‘ஆர்வமூட்டும் நூலகம்’ என்று குறித்து வைத்துக்கொள்ளலாம், அவர் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். ‘வணக்கம், நண்பராகலாமா’ என்று எழுதினால் பதில் வருவது சந்தேகம். ‘உங்கள் படியில் பின்னிணைப்பு உள்ளதா, எத்தனை பக்கம்’ என்று கேளுங்கள், கட்டாயம் வரும். நூலகத்தை முழுக்கத் தனிப்பட்டதாக மூடி வைக்கவும் வசதி உண்டு, மூடினால் யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெயர் போட்டால் போதும், தெருப் பெயர் வேண்டாம்.

ஆட்கள் எண்ணிக்கையில் குட்ரீட்ஸ்தான் முன்னால், தமிழ் வாசகர்கள் அங்கேதான் அதிகம். ஆனால் அது ‘என்ன படித்தேன்’ என்று சொல்லும் இடம். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறேன் என்ற கேள்விக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. இரண்டிலும் கணக்கு வைத்து, அங்கிருந்து ஏற்றுமதி செய்த கோப்பை இங்கே இறக்கிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மறைந்தவர்களின் நூலகங்களை உறுப்பினர்கள் சேர்ந்து பட்டியலிடும் பகுதி ஒன்று இங்கே உண்டு. ஜெஃபர்சன் 1815இல் 6,487 நூல்களை 23,950 டாலருக்கு அமெரிக்கக் காங்கிரசுக்கு விற்றார். அவருடைய சேகரிப்போடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறைமலையடிகள், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்று வீட்டு நூலகம் பொது நூலகமான கதைகள் நம்மிடமும் உண்டு. அவற்றின் நூற்பட்டியலை இப்படி ஏற்ற ஒரு குழு முனைந்தால், தமிழ் நூல்களின் உறைகள் பாதி தானாகவே சீராகும்.

தளம் பரிந்துரைக்கும் நூல்களைத் தமிழைப் பொறுத்தவரை பொருட்படுத்த வேண்டாம், வைத்திருப்பவர்கள் குறைவாக இருக்கும்போது கணிப்பும் மெலிவாகத்தான் இருக்கும். வெளியாகும் முன்பே விமர்சிப்பதற்காகத் தளத்தின் வழியே தரும் இலவச நூல்களுக்கும் எந்தெந்த நாடு என்ற வரையறை உண்டு, பார்த்து விண்ணப்பியுங்கள். மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் ஏற்றுமதி செய்து வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்வது அவசியம்.

இரண்டு படி இருக்கும் நூல்களுக்கு ‘இரட்டை’ என்று குறிச்சொல் போட்டு வையுங்கள். இல்லாத தொகுதிகளை விருப்பப் பட்டியலில் போடுங்கள். வாங்கல் விற்றலுக்கோ அஞ்சலுக்கோ தளம் பொறுப்பேற்பதில்லை, மாற்றிக்கொள்வது உங்கள் இருவர் பாடு. அனுப்பச் சொல்லும் முன் தலைப்புப் பக்கம், பிழைதிருத்தப் பட்டியல், மடிப்பு வரைபடம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். பழைய வரலாற்று நூல்களில் முதலில் காணாமல் போவது அந்த மடிப்பு வரைபடம்தான்.